வேலி வேண்டும், வேலி வேண்டாம்: தீர்வு காணும் முறைகளைக் கற்றல்

கிராம மட்டக் கூட்டங்களில் ‘உங்கள் ஊரின் பிரச்சினைகள் எவை?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விதமான பதில்களே கிடைக்கின்றன. மின்வேலி இல்லை. களஞ்சியம் இல்லை. லொறி இல்லை. கடன் வசதி இல்லை. இவை பெரிய வெள்ளைத்தாளில் எழுதப்பட்டு, முன்னுரிமைப்படுத்தப்பட்டு, திட்ட முன்மொழிவாக மாறி, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பப்படுகின்றன. சற்று நின்று பார்த்தால் இப்பட்டியலில் ஒரு பிரச்சினைகூட இல்லை என்பது தெரியும். எல்லாமே தீர்வுகள், இன்னும் கைக்கு வராத தீர்வுகள். கதிர் முற்றிய வயலை இரவில் யானை வந்து தின்று மிதித்துப் போவது பிரச்சினை. மின்வேலி அதற்குச் சொல்லக்கூடிய பல விடைகளுள் ஒன்று. கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் தாளில் எழுதும்போது மற்ற விடைகள் எல்லாம் அங்கேயே மறைந்துபோகின்றன.

புதிதாகச் சிந்திப்பது சிலருக்கே வாய்த்த பிறவிக் கொடை என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. தச்சுவேலையைப் போல, தையலைப் போல, இதையும் படிப்படியாகக் கற்கலாம் என்று நம்பியவர்கள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல முறைகளை வகுத்துள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை தொழிற்சாலைகளிலும் விளம்பர நிறுவனங்களிலும் பிறந்தவை. வயலுக்கும் சந்தைக்கும் அவை பொருந்துமா என்பதே எமது கேள்வி.

மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர். மலையகத்துத் தமிழ் மக்கள் உட்படப் பலர் அங்கு யாத்திரையாக வருகின்றனர். திருத்தலத்தைத் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். சுற்றிலும் நெல்லும் பெரிய வெங்காயமும் மரக்கறியும் பயிரிடும் குடும்பங்களைப் பற்றி அவர்கள் அதிகம் அறியார். அக்குடும்பங்களைச் சேர்ந்த ஒரு சிறு கமக்காரர் குழுவுடன் சில மாலைப் பொழுதுகளில் இம்முறைகளைப் பழகிப் பார்க்கிறோம். அவர்களின் வீட்டுமொழி சிங்களம். கலைச்சொற்களுக்காக இரு மொழிகளிலும் திண்டாடி, ஈற்றில் கலைச்சொற்களே இல்லாமல் நடத்துவது என்று முடிவாயிற்று. அதுவும் நல்லதாகவே அமைந்தது. பெயர் தெரியாவிட்டாலும் முறை வேலை செய்கிறது.

ஏன், ஏன், ஏன்?

ஜப்பானின் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் உற்பத்தி முறையை வகுத்தவர்களுள் ஒருவரான தாயிச்சி ஓனோ, ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்கும் பழக்கத்தைத் தம் தொழிலாளரிடையே வளர்த்தார். அவர் சொல்லும் உதாரணம் பிரசித்தமானது. ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? அளவுக்கு மிஞ்சிய சுமையால் பியூஸ் எரிந்தது. சுமை ஏன் கூடியது? பெயரிங்கில் போதிய எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? எண்ணெய்ப் பம்பி சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பியின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடி இல்லாததால் உலோகத் துகள்கள் உள்ளே போயின. முதற் கேள்வியோடு நின்றவர் பியூசை மாற்றிவிட்டுப் போவார். சில நாட்களில் அது மறுபடியும் எரியும். ஐந்தாவது வரை போனவர் ஒரு வடியைப் பொருத்துவார்.

இதையே யானை வேலிக்குக் கேட்டுப் பார்ப்போம். இது விளையாட்டான காரியமன்று. இலங்கையில் 2019ஆம் ஆண்டில் மட்டும் யானை-மனித மோதலால் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதரும் மடிந்தனர். மின்வேலிகளோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குப் போடப்பட்டுள்ளன. வேலி இருந்தும் யானை ஏன் வருகிறது? கம்பங்களைச் சாய்த்துவிட்டது. ஏன் சாய்க்க முடிந்தது? கம்பியில் மின்சாரம் இருக்கவில்லை. ஏன்? கொடியும் கிளையும் கம்பியில் படர்ந்து மின்னை நிலத்துக்கு இழுத்துவிட்டன. ஏன் எவரும் வெட்டித் துப்புரவாக்கவில்லை? வேலி காட்டினுள், ஊரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. ஏன் அங்கே போட்டார்கள்? பாதுகாக்கப்பட்ட காட்டின் நிர்வாக எல்லை அங்கேதான் முடிகிறது.

ஐந்தாவது விடைக்கு வந்ததும் குழுவில் ஒரு முதியவர், ‘யானைக்கு அந்த எல்லை தெரியுமா?’ என்று கேட்டார். தெரியாது. நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கில் யானைகள் நடமாடுகின்றன. அப்பரப்பில் நூற்றுக்கு 70 அளவில் மனிதரும் குடியிருக்கின்றனர். காட்டெல்லையில் வேலி போட்டால் வேலிக்கு இரு புறத்திலும் யானை நிற்கிறது. இதை அறிந்த பிறகு ‘இன்னும் உறுதியான வேலி தாருங்கள்’ என்ற கோரிக்கை பொருளிழந்துவிடுகிறது. கம்பியின் பலத்தைக் கூட்டுவதைவிட, வேலி நிற்கும் இடத்தைப் பற்றியும் அதைப் பார்த்துக்கொள்வோரைப் பற்றியுமே கேட்க வேண்டியிருக்கிறது.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. நமது ஊர்களில் மூன்றாவது ‘ஏன்’ தாண்டுவதற்குள் விடை ‘அரசியல்வாதிகள் சரியில்லை’ என்றோ ‘எங்கள் தலையெழுத்து’ என்றோ வந்து நின்றுவிடும். இரண்டும் முற்றாகப் பொய்யல்ல என்றாலும், அவற்றை வைத்து நாளைக் காலையில் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆகவே கையால் தொடக்கூடிய விடை வரும்வரை வேறு வழியாகக் கேட்டுப் பார்க்கும்படி குழுவினரைத் தூண்ட வேண்டும்.

இருக்க வேண்டும், இருக்கக் கூடாது

நாம் பார்த்த முறைகளுள் மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியது சோவியத் நாட்டில் பிறந்தது. கென்ரிக் அல்ட்ஷுல்லர் என்பவர் காஸ்பியன் கடலோரக் கடற்படையில், பிறருடைய கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தவர். 1946ஆம் ஆண்டு முதல் அவர் ஒரு கேள்வியைத் தொடர்ந்தார்: நல்ல கண்டுபிடிப்புகளுக்குப் பொதுவான அமைப்பு ஏதும் உண்டா? நாட்டில் கண்டுபிடிப்புத் துறையின் குறைபாடுகளைச் சுட்டி ஸ்டாலினுக்கே கடிதம் எழுதியதன் பின் 1950இல் கைதாகி, வோர்குட்டா உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1954இல் விடுதலையான பின்னரும் ஆய்வை விடவில்லை. பெருந்தொகையான காப்புரிமைப் பத்திரங்களை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வரும் 40 வழிகளை அவர் பட்டியலிட்டார். ‘டிரிஸ்’ என்ற பெயரில் அம்முறை இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது.

நாற்பதையும் மனனம் செய்ய வேண்டிய அவசியம் கிராமத்துக்கு இல்லை. அதன் மூலக்கருத்து ஒன்றே போதும். கடினமான பிரச்சினை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முரண்பாடு இருக்கிறது. சாதாரணமாக நாம் அதைச் சமரசத்தால் மூடிவிடுகிறோம். சிறந்த கண்டுபிடிப்பாளர் சமரசம் செய்யாமல் முரண்பாட்டையே தீர்க்கிறார். இதற்குப் பயிற்சியாக ஒரு வாக்கியத்தைக் கொடுக்கிறோம்: ‘இது இருக்க வேண்டும், ஏனெனில்...; இது இருக்கக் கூடாது, ஏனெனில்...’ இரண்டு இடைவெளிகளையும் நிரப்பிய பிறகு கேட்க வேண்டியவை: எப்போது இருக்க வேண்டும்? எங்கே? யாருக்கு?

வேலிக்கு இதை நிரப்பியபோது வந்தது இது: ‘வயலைச் சுற்றி வேலி இருக்க வேண்டும், ஏனெனில் பயிர் நிற்கிறது. வயலைச் சுற்றி வேலி இருக்கக் கூடாது, ஏனெனில் அறுவடைக்குப் பின் அந்தத் தரிசில் மேய முடியாத யானை பசியோடு வீட்டுத்தோட்டத்துக்கு வரும்.’ எப்போது என்று கேட்டவுடனேயே விடை பாதி வந்துவிடுகிறது. விதைப்பிலிருந்து அறுவடை வரை வேண்டும். மற்ற மாதங்களில் வேண்டாம். குருணாகல் மாவட்டத்தின் கல்கமுவ பகுதியில் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய சகாக்களும் கமக்காரருடன் சேர்ந்து நடைமுறைப்படுத்திய பருவகால வேலி இதுவே. போகத் தொடக்கத்தில் கமக்காரரே வயற்பரப்பைச் சுற்றிக் கம்பங்களை நட்டு மின்கம்பியை இழுக்கின்றனர். அறுவடை முடிந்ததும் கழற்றி எடுத்து வைக்கின்றனர். யானைகள் தரிசில் வந்து மேய்ந்துபோகின்றன. வீடுகளைச் சுற்றி வேறொரு வேலி ஆண்டு முழுவதும் நிற்கிறது. வேலி கண்முன்னே நிற்பதால் கொடி படர்ந்தாலும் எவரேனும் கண்டு வெட்டிவிடுவர். காட்டின் நடுவே நிற்கும் வேலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் டிரிஸ் படித்து இதைச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. யானை எங்கே எப்போது போகிறது என்பதைப் பல ஆண்டுகள் அவதானித்ததன் பயன் அது. ஆனால் அவதானித்ததை ஒழுங்குபடுத்த இந்த ஒற்றை வாக்கியம் உதவுகிறது.

எமது மாவட்டத்திலேயே வஸ்கமுவப் பக்கத்தில் வேறொரு வழி முயலப்பட்டது. யானைகள் தோடை இனத்து மரங்களை விரும்புவதில்லை என்பதைக் கண்டு, வீட்டுத்தோட்டங்களைச் சுற்றித் தோடை நடும் திட்டமொன்றை வனசீவராசிகள் பாதுகாப்பில் ஈடுபட்ட ஒரு சங்கம் தொடங்கியது. காவலாக நிற்பதே பழமும் தருகிறது. மரம் காய்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அதன் கஷ்டம்.

கூடையின் கதை

முரண்பாட்டைப் பார்க்காமல் தீர்வைக் கட்டளையாக இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்குத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் கண்ட அனுபவம் நல்ல பாடம். எமது பகுதி மரக்கறியில் பெரும் பங்கு அங்கேதான் போகிறது. இலங்கையில் மரக்கறி, பழங்களின் அறுவடைக்குப் பிந்திய இழப்பு நூற்றுக்கு 30 முதல் 40 வரை என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. சாக்கில் இறுக்கி அடைத்து, சாக்கின்மேல் சாக்காக அடுக்கி, அதன்மேல் ஆளும் ஏறி உட்கார்ந்து வரும் தக்காளியின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

2011 டிசம்பரில், மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடையிலேயே ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நல்லதே, கூடை நசிவைக் குறைக்கும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் தம்புள்ளையிலும் பிற இடங்களிலும் கடும் எதிர்ப்புக் கிளம்பியது, விதி தளர்ந்தது, சாக்கு மறையவில்லை. எதிர்த்தவர்களைப் பழைமையில் ஊறியவர்கள் என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. குழுவினர் அந்த வாக்கியத்தை நிரப்பியபோது வேறு படம் தெரிந்தது.

‘ஏற்றும் பெட்டி விறைப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் மேலுள்ள பாரம் கீழுள்ள காயை நசிக்கக் கூடாது. பெட்டி விறைப்பாக இருக்கக் கூடாது, ஏனெனில் திரும்பி வரும்போது வெறும் பெட்டிகள் லொறியை நிரப்பிவிடும்.’ சாக்கு இரண்டாவது பாதியை அற்புதமாக நிறைவேற்றுகிறது; நூறு வெறுஞ்சாக்கைச் சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் செருகிவிடலாம். முதற் பாதியில் தோற்றுவிடுகிறது. சாதாரணக் கூடை முதற் பாதியில் வென்று இரண்டாவதில் தோற்கிறது. அதோடு ஒரே லொறியில் ஏறும் நிறையும் குறைகிறது. கூடுதல் வாடகை யார் தலையில் விழும் என்பது கமக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

எப்போது என்ற கேள்வியை இங்கும் கேட்கலாம். நிறைந்திருக்கும்போது விறைப்பு, வெறுமையாக இருக்கும்போது சுருக்கம். மடிக்கக்கூடிய கூடையும், திருப்பி வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் கூடையும் இதற்காகவே செய்யப்பட்டவை. அல்ட்ஷுல்லரின் பட்டியலில் இதற்கு ரஷ்யப் பொம்மையின் பெயர். பெரிய பொம்மைக்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்று அடங்கும் மரப்பொம்மை அது. ஆயினும் அத்தகைய கூடை சாக்கைவிடப் பன்மடங்கு விலை. உடனே இன்னொரு முரண்பாடு எழுகிறது: ‘கூடை என்னிடம் இருக்க வேண்டும், ஏனெனில் நாளை அறுவடை; என்னிடம் இருக்கத் தேவையில்லை, ஏனெனில் மற்ற நாட்களில் அது சும்மா கிடக்கும்.’ கூடைகளைச் சங்கம் வாங்கி அறுவடை நாளுக்கு வாடகைக்குக் கொடுப்பது என்ற யோசனை இங்கிருந்தே பிறந்தது. விதி வகுத்தபோது கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவையே என்பது எமது அபிப்பிராயம்.

வாய் திறவாதோர்

யோசனைகளைச் சேர்க்கும் கட்டத்தில் பலருக்கும் தெரிந்த முறை, அமெரிக்க விளம்பரத் துறையினரான அலெக்ஸ் ஒஸ்போர்ன் வகுத்தது. 1953இல் வெளிவந்த அவருடைய நூல் மூலம் உலகெங்கும் பரவிய நான்கு விதிகள் இவை: எவருடைய யோசனையையும் அப்போதே குறைகூறக் கூடாது, விசித்திரமானவற்றையும் வரவேற்க வேண்டும், எண்ணிக்கை பெருக வேண்டும், ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்டலாம். விதிகள் நல்லவை. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், சேர்ந்திருந்து யோசித்த குழுக்களைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே யோசித்துப் பின்னர் ஒன்றுசேர்த்த யோசனைகளே அதிகமாக இருந்தன.

நமது கூட்டங்களை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. தலைவர் முதலில் பேசுவார். செயலாளர் அதை ஆமோதிப்பார். சுவரோரம் இருக்கும் பெண்கள் தலையசைப்பர். ஆகவே முதலில் ஒவ்வொருவரும் மௌனமாக யோசிக்கச் சற்று நேரம். பிறகு இளையவரிலிருந்து தொடங்கி ஆளுக்கொன்றாகச் சொல்வது, தலைவர் கடைசி. எழுதத் தயங்குவோர் நிலத்தில் வரையலாம். தெரிவு செய்யும்போது ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. விரும்பிய யோசனையின் படத்தின்மேல் வைக்க வேண்டும். யார் எதற்கு வைத்தார் என்று எவரும் பார்ப்பதில்லை. கூடை வாடகை யோசனையைச் சொன்னவர், அதற்கு முந்திய கூட்டங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு பெண்.

ஏற்கெனவே அறிந்தவரைத் தேடுதல்

சில வேளைகளில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1990இன் இறுதியில் ஜெரி ஸ்டேர்னின், மொனிக் ஸ்டேர்னின் என்ற தம்பதியர் ‘சிறுவரைக் காப்போம்’ அமைப்பின் சார்பில் வியட்நாமுக்குச் சென்றனர். சிறுவரின் போசாக்கின்மைக்கு ஆறு மாதங்களுக்குள் பயன் காட்டும்படி அரசு கேட்டது. அவர்கள் தான் ஹோவா மாகாணத்துக் கிராமங்களில் ஒரு கேள்வியைக் கேட்டனர்: மிக வறிய குடும்பத்தில் பிறந்தும் நன்றாக வளரும் பிள்ளை எவரும் உண்டா? இருந்தனர். அவர்களின் தாய்மார் வயலில் கிடைத்த சிறு இறால், நண்டுகளையும் வற்றாளைக் கீரையையும் சோற்றில் சேர்த்தனர். பிறர் இருவேளை கொடுக்க, இவர்கள் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தனர். பிள்ளையின் கையைக் கழுவிவிட்டனர். இறாலும் கீரையும் எல்லார் வயலிலும் இருந்தன. சிறு பிள்ளைக்கு ஆகாது என்று மற்றவர்கள் விட்டிருந்தனர். பிறகு நடந்தவை சமையற்கூட்டங்கள். அதில் சேர வருகிற தாய் ஒரு கைப்பிடி இறாலும் கீரையும் தானே பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். இரண்டு ஆண்டுகளில் போசாக்கின்மை பெருமளவு குறைந்தது.

பெரிய வெங்காயத்துக்கு நாம் இதையே கேட்டோம். அது சிறுபோகப் பயிர். எல்லாரும் சில வாரங்களுக்குள் அறுவடை செய்ய, விலை விழுகிறது. வைத்திருந்து விற்கலாமென்றால் அழுகிவிடுகிறது. அதே மண்ணில், அதே கடனோடு, அதே ஓலைக்கொட்டிலில் எவருடைய வெங்காயம் மற்றவர்களுடையதைவிட நீண்ட நாள் நிற்கிறது? குழுவினரே வீடு வீடாகப் போய் மூவரைக் கண்டுபிடித்தனர். மூவரும் பிந்திய யூரியாவைத் தவிர்த்திருந்தனர். அறுவடைக்குப் பல நாட்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்தினர். தாளோடு நிழலில் உலர்த்தி, காயம்பட்டதையும் தடித்த கழுத்துள்ளதையும் பிரித்து முதலில் விற்றனர். விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் விசாரித்தோம், சரியே என்றார். துண்டுப்பிரசுரத்திலும் இது உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக் கொட்டிலில் கையால் தொட்டுப் பார்த்த வெங்காயம் துண்டுப்பிரசுரத்தைவிட நன்றாகப் பேசுகிறது.

எந்த யோசனையையும் முதலில் சிறிதாகச் சோதிக்க வேண்டும். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998இல் குறைந்த விலை மாதவிடாய் அணையாடையைச் செய்யத் தொடங்கியபோது பஞ்சையே நம்பினார். செய்ததெல்லாம் ஒழுகியது. கடையில் விற்கும் அணையாடையின் உள்ளே இருப்பது மரக்கூழிலிருந்து பெறும் நார் என்பதை அறிய அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மூலப்பொருள் மலிவு, அதைப் பதப்படுத்தும் இயந்திரமே கோடிக்கணக்கில் விலை என்று அப்போதுதான் தெரிந்தது. உடனே கேள்வி மாறியது. அணையாடையை விட்டு, மகளிர் குழுவொன்று இயக்கக்கூடிய சிறிய இயந்திரத்தைச் செய்தார். ஒவ்வொரு தோல்வியும் கைக்குள் அடங்கும் அளவில் இருந்ததாலேயே அவரால் அத்தனை தடவை தொடர முடிந்தது.

வஹகோட்டைக் குழு இப்போது இருபது மடிப்புக் கூடைகளோடு ஒரு போகம் பார்ப்பதென்று முடிவுசெய்துள்ளது. தக்காளிக்கு மட்டும், ஒரே ஒரு லொறியில். எவ்வளவு கழிவு குறைந்தது, எத்தனை கூடை திரும்பி வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுவார்கள். தீராத விடயம் ஒன்று மீதியிருக்கிறது. மொத்த வியாபாரி கூடைக்கென்று கழிக்கும் நிறை உண்மையான நிறையைவிடக் கூடியதாக இருந்தால் யாரிடம் போவது? சாரதியும் வியாபாரியும் இல்லாத கூட்டத்தில் இதற்கு விடை காண முடியாது. அடுத்த கூட்டத்துக்கு இருவரையும் அழைத்திருக்கிறார்கள். சந்தை ஓய்வான ஒரு நாளாகப் பார்த்து, தராசையும் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறார்கள்.